மாலினின் காவலாட்கள்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு என் இயந்திரத்தில் வைத்தியம் கிடையாது. யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்கிற வியாதி. வீடு பற்றி எரிந்தாலும், தீயணைப்புக்காரர் சாப்பிடும் நேரமாயிற்றே என்று யோசிக்கிற ஜனங்கள். நானும் ஸ்வீடனின் வடக்கே இதே ஊமியோ நகரில் பிறந்தவள்தான், ஆனால் எனக்கு வாய் நீளம். அதனால் தப்பித்தேன்.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரத்தோடுதான் என் பாதி ஆயுள் கழிந்தது. ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுக்கும், சுழற்றும், மஞ்சள் நீரைத் தனியே ஒரு பையில் கொட்டும், சிவப்பணுக்களைச் சுத்தமான திரவத்தோடு சேர்த்து மறு கையில் திருப்பி ஏற்றும். சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். அதுவரை நோயாளிக்கும் எனக்கும் பேச்சுதான் துணை.

மாலின் மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவள். முப்பத்தேழு வயது. ஆறு அச்சு லாரியைப் பனிச்சாலையில் பின்பக்கமாக நகர்த்துவாள், ஆனால் ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான்கு முறை கருவுற்றாள், நான்கும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. ஐந்தாவது தங்கியபோதுதான் யாரோ ஒருவருக்கு அவள் இரத்தத்தை ஒழுங்காகப் பரிசோதிக்கத் தோன்றியது.

உலகத்தில் ஏறக்குறைய எல்லோருடைய சிவப்பணுவின் மேலும் ஓர் அடையாளம் இருக்கிறது. மாலினுக்கு அது இல்லை. அப்படிப்பட்டவர்கள் மிகவும் அபூர்வம், எங்கள் மாகாணத்தில்தான் கொஞ்சம் கூடுதல். தன்னிடம் இல்லாத அடையாளம் என்பதால் அதை அந்நியன் என்று அவள் உடம்பு சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டது. அதைப் பிடிப்பதற்கென்றே எதிர்ப்பொருள்களைச் செய்து இரத்தத்தில் மிதக்கவிட்டிருந்தது. நஞ்சுக்கொடியிலோ அந்த அடையாளம் நிறைய. குழந்தையை விட்டுவிட்டு, குழந்தை படுத்திருக்கும் தொட்டிலை அவை அறுத்துக்கொண்டிருந்தன.

முதல் நாள் பை நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுங்க இதுலயா இருக்கு, சிஸ்டர்?"

"இதுலதான்."

"ஆப்பிள் ஜூஸ் மாதிரி இருக்கு."

"வேணும்னா ஒரு டம்ளர் ஊத்தித் தரேன்."

அவள் சிரிக்கவில்லை. "நாலு பேரக் கொன்னுருக்கு இது. அதாவது, நான் கொன்னுருக்கேன்."

ஆவி படிந்திருந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு கவட்டைக் கம்பை வரைந்தேன். "இப்படித்தான் இருக்கும் ஒவ்வொண்ணும். மேல ரெண்டு கை, கீழ ஒரு தண்டு. கை ஒரே ஒரு சாமானுக்குத்தான் பொருந்தும். பொருந்துச்சுன்னா பிடிச்சுக்கும். பிடிச்சதும் தண்டு மத்த அணுக்களக் கூப்பிடும், வா, ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். கண்ணு கிடையாது. குழந்தையா கிருமியான்னு பார்க்கத் தெரியாது."

"தெரியாம செஞ்சா கொலை இல்லையா?"

குழாயைச் சரிசெய்வதுபோல் நடித்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் வந்தாள், ஒரு மணி நேரம் காரோட்டி. கணவன் யோனாஸ் விடுப்பு கிடைத்த நாளெல்லாம் கூட வந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். மாலினின் இரத்தத்தைப் பாதி பாதியாக நீர்க்கவைத்துக்கொண்டே போய், எதுவரை அது அணுக்களை ஒட்டவைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். அந்த எண் பதினாறுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. முதலில் நூற்றைத் தாண்டி நின்றது, மெல்ல மெல்ல எட்டுக்கு இறங்கியது. மூன்றாம் மாதமும் முடிந்தது. ஐந்தில் முதல்முறையாக ஒன்று அந்தக் கோட்டைக் கடந்தது. யோனாஸ் அன்றைக்கு இலவங்கப்பட்டை ரொட்டி ஒரு பெட்டி வாங்கி வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் காப்பி மேஜையில் வைத்துவிட்டுப் போனான். எங்கள் ஊரில் அது கொண்டாட்டம்.

அந்த வாரம்தான் எவர்ட் வந்து சேர்ந்தார். எழுபது தாண்டிய பழைய ரயில்வேக்காரர். அவருடைய எதிர்ப்பொருள்கள் வேறு மாதிரி. நரம்பு தசையிடம் பேசுகிற வாசலில் போய்க் குந்திக்கொண்டு வழிமறிப்பவை. இமை தொங்கிவிட்டது, தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தால்தான் பேச்சு வரும், காப்பியை விழுங்கினால் மூக்கில் வந்தது. காப்பியில் சீஸ் துண்டு போட்டு ஊறவைத்துத் தின்றே வளர்ந்த மனிதர். அவருக்கும் இதே சிகிச்சைதான். எங்களிடம் இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுது பார்க்கப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. திங்கட்கிழமை வந்து, மாற்றாக இருந்த பெண்ணிடம் மாலினுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

"அவ உக்காரலயே. தாழ்வாரத்துல அந்தப் பெரியவரப் பார்த்தா. எனக்கு நம்பர் நல்லாத்தான் இருக்கு, அவர ஏத்துங்கன்னுட்டுப் போயிட்டா."

"நீ விட்டுட்டியா?"

"ரொம்பத் தன்மையாச் சொன்னாளே."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டாம். மாலினை அன்றே வரவழைத்து இரத்தம் எடுத்தேன். செவ்வாய் காலை எண் வந்தது, அறுபத்து நான்கு.

"ஏன்டி இப்படிப் பண்ண?" என்றேன். எங்கள் இயந்திரம் எடுப்பது இரத்தத்தில் மிதப்பதை மட்டும். சதையில் ஊறிக் கிடப்பது பின்னாலேயே கசிந்து வரும், செய்கிற அணுக்களும் ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். எட்டு என்பது குணமாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை, அள்ளிக்கொண்டே இருக்கிறோம் என்பதற்குத்தான். இதை அவளுக்கு ஏற்கெனவே சொல்லியும் இருந்தேன்.

"அவருக்கு மூச்சு வாங்குச்சு சிஸ்டர். நான் நல்லா நடந்து வந்தவ. எப்படி அவரத் தாண்டி உள்ள போறது?"

"உள்ள இருக்கற குழந்தைக்கு யாரு வழி விடுவா?"

அவள் முகம் வெளிறியது. சொன்னது அதிகம்தான், ஆனால் எனக்குப் பயம். பயந்தால் நான் கடித்துவிடுவேன்.

அந்த நேரம் பார்த்து எவர்ட் சக்கர நாற்காலியில் வந்தார். எப்படியோ விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மோவாயைக் கையில் ஏந்திக்கொண்டு, மூக்கால் பேசினார்.

"நீ போம்மா உள்ள."

"இல்ல, நீங்க போங்க. நான் காத்திருக்கேன்."

"எனக்கு இன்னிக்குப் பரவால்ல."

"எனக்கும் பரவால்ல."

பேச்சே வராத மனிதரும் அழுகை முட்டி நிற்கும் பெண்ணும் இப்படி மாறி மாறி உபசரித்துக்கொண்டிருக்க, இயந்திரம் காலியாகக் கிடந்தது.

"ரெண்டு பேரும் இங்கயே மரியாதை பண்ணிக்கிட்டிருங்க. நான் போய்க் காப்பி குடிக்கிறேன்," என்றேன். பிறகு மாலினைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "பெரியவரே, மத்தியானம் நீங்க. நான் வீட்டுக்குப் போகல. யாருக்கும் தொந்தரவில்ல, எனக்கு மட்டுந்தான், நான் அதச் சொல்லிக் காட்டிக்கிட்டே இருப்பேன்."

எவர்ட்டின் முகத்தில் சிரிப்புக்கான தசைகள் ஓடவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

சுற்று முடிந்ததும் ஸ்கேன் அறைக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே வந்து சேர்ந்த யோனாஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான், சாவு வீட்டில் நிற்பதுபோல. திரையில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. மருத்துவர் கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். அவரை அறையலாம் போலிருந்தது. பிறகு ஒரு சின்னத் துடிப்பு, அவசரமாக.

"தெரியுதா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஆமாம் சொல்ல வாய் திறக்கமாட்டோம், சட்டென்று மூச்சை உள்ளே இழுப்போம். மாலின் இழுத்தாள். அந்த மூச்சு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

அதன்பின் அவள் ஒரு சுற்றும் தவறவில்லை. ஜூன் மாதம் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் எடை குறைவு, தொண்டை மட்டும் முழு அளவு. இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள், மஞ்சள் போய்விட்டது.

பார்க்கப் போனேன். யோனாஸ் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தான். மாலின் மார்பை இறுக்கிக் கட்டியிருந்தாள். பால் கட்டி, வலி அவள் நெற்றியில் தெரிந்தது.

"என்னம்மா இது?"

"குடுக்க மாட்டேன் சிஸ்டர். பால்ல அதுங்க போகும்ல?" குரல் அடங்கியிருந்தது. "இத்தன நாள் இவள என்கிட்டருந்து காப்பாத்துனீங்க. நான் மறுபடியும் கைய வைக்க மாட்டேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இந்தப் பெண் எட்டு மாதமும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"போகும். ஆனா இவ ரத்தத்துக்குள்ள ஏறாது. வாய்ல, தொண்டைல, குடல்ல நின்னு காவல் காக்கும். உனக்கு வந்த சளி, காய்ச்சல், பள்ளிக்கூடத்துல ஒட்டிக்கிட்டது, லாரில போன ஊர்ல வாங்கிட்டு வந்தது, எல்லாத்துக்கும் ஒரு ஆள் உன்கிட்ட இருக்கு."

"நிஜமாவா?"

"இன்னொண்ணும் கேளு. என் மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. கெட்டதோட சேர்த்து நல்லதையும் வாரா வாரம் பையில புடிச்சுக் குப்பைல போட்டேன். வயித்துலயே இவளுக்கு நீ குடுத்தனுப்ப வேண்டியது அது. மத்த குழந்தைங்க கொண்டு வந்ததுல பாதிகூட இவ கொண்டு வந்திருக்க மாட்டா. வெறுங்கையோட வந்திருக்கா மாலின்."

மாலின் குழந்தையைப் பார்த்தாள். யோனாஸ் புட்டியை மெல்ல எடுத்துவிட்டான். குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டித் தேடியது.

பிறகு மாலின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சை நான்தான் பிரித்தேன். குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டாள். அது இரண்டு முறை நழுவவிட்டு, மூன்றாம் முறை கவ்வியது. மாலின் வலியில் கண்ணை மூடினாள், ஆனால் விலகவில்லை.

"மெதுவாக் குடி," என்றாள் குழந்தையிடம். "நிறைய இருக்கு. எல்லாம் உனக்குத்தான்."