தரிசென்று குறித்த மேடு

இந்த அளவுக்கயிறு கொஞ்சம் இடப்பக்கம் விலகிப் போயிருக்கக் கூடாதா என்று டோரீன் நினைத்தாள். யாரும் சொல்லாமலே, தானாக.

கயிறு விலகவில்லை. தேயிலை நிரையைத் தாண்டி, குரோட்டன் செடிகள் நிற்கும் மேட்டின் நடுவே நேராகக் கிடந்தது. அடுத்த குழிக்கான முளையையும் அங்கேயே அடித்தாயிற்று. மண்ணுக்கடியில் வெள்ளைக்களி எவ்வளவு கிடக்கிறதென்று மதிப்பிட அரசாங்கத்து இளம் விஞ்ஞானிகளுக்கு இந்தத் தோட்டத்தில் பயிற்சி; டோரீனும் அவர்களில் ஒருத்தி. சம இடைவெளியில் குழி வெட்ட வேண்டும்; ஒன்றை விட்டாலும் கணக்குப் பிழையாகும். கூட வந்தவர்கள் அந்த மேட்டைத் தரிசு என்று வரைபடத்தில் குறித்திருந்தார்கள். இங்கே தோட்டத்து ஆட்களுக்குக் கல்லறை கட்ட அனுமதியில்லை, அதனால் புதைத்த இடத்தின் தலைமாட்டில் ஒரு குரோட்டன் நடுவார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? டோரீனுக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெறுமுன் செத்துப்போன அவள் தம்பியைக் கோயில் சேமக்காலையில், மற்றக் கிறிஸ்தவர்களைப் புதைக்கும் இடத்தில், சேர்க்கவில்லை. நோர்வூட்டுக்கு மேலே, அவள் பிறந்த தோட்டத்தில், இப்படியொரு செடியடியில்தான் கிடக்கிறான். ஆனால் கொழும்பில் யார் கேட்டாலும், தோட்டத்தை மறைத்து, ஊர் ஹட்டன் டவுன் என்று சொல்லிச் சொல்லியே அவள் களைத்திருந்தாள்.

குழி வெட்ட வந்த தோட்டத் தொழிலாளி சோலைமலை மம்பட்டியைப் போட்டுவிட்டான். அவன் பெண்சாதி காளியாயி மண்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, எங்களுக்குத்தான் பிரஜாவுரிமை இல்லன்னுட்டாங்க. உள்ள படுத்திருக்கவங்களையும் எழுப்பி வெளிய போகச் சொல்லப் போறீங்களா?"

"எங்கப்பன எழுப்பினா மொதல்ல சாராயந்தான் கேப்பாரு" என்றான் சோலைமலை.

டோரீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பயிற்சி அதிகாரி குணரட்ணம் அவளைத் தனியே அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவரல்லர். காலையிலிருந்து தூறலில் நின்று அவருக்கும் கால் வலித்தது.

"நான் சொல்லிப் பார்த்திட்டன், அசையினமில்லை. வெட்டிப்போட்டு மூடிவிடலாம்தானே. நீர் கேட்டுப் பாரும், பிள்ளை. உம்மட ஆக்கள்தானே?"

அப்படியென்றால் அவள் தோட்டத்துப் பிள்ளை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இத்தனை காலம் ஒளித்துத் திரிந்த பாடெல்லாம் வீண்.

"இந்தக் குழி இல்லாமல் பயிற்சி முடிஞ்சுதெண்டு நான் எழுதேலாது. உம்மட வேலை நிரந்தரமாகிறதும் அதிலைதான் இருக்கு."

அதுவும் அவளுக்குத் தெரியும். தொழிலாளர் லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவள் இவ்வளவு தூரம் படித்து வந்தது அந்த வேலைக்காகத்தான். அப்பாவும் அம்மாவும் அதை நம்பித்தான் இன்னும் விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறார்கள். ஒரு வார்த்தை கேட்டால் போதும். இவள் கேட்டால் சோலைமலையும் காளியாயியும் எழுந்து வெட்டிவிடவும் கூடும். அதை நினைக்கத்தான் முடியவில்லை.

"நான் கேக்க மாட்டேங்க, சேர்."

லயத்து வீட்டுப் பேச்சு அவளறியாமல் வாயில் வந்திருந்தது. குணரட்ணம் அவளையே பார்த்தபடி நின்றார். தூறல் அவருடைய மூக்குக்கண்ணாடியில் முத்துமுத்தாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.