வடக்கே தலை

லோரி ஓட்டும் மூர்த்திக்கு ஒரு வாரமாகவே தரையில் கால் பாவவில்லை. சிகாமட் சந்தையில் மீன்காரர் முதல் கோப்பிக்கடைச் சீனர் வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கிழமை என் சம்சாரம் யோகா கிளாஸ் எடுக்கறா. வந்துருங்க லா." வகுப்பு பெண்களுக்கு மட்டும் என்று ஷாமளா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிங்கப்பூர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, யின் யோகா கற்றுக்கொண்டு வந்தவள் அவள். ஒவ்வொரு நிலையிலும் சில நிமிஷம் அசையாமல் இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். சங்கத்து மண்டபத்தை வாராவாரம் தருவதா வேண்டாமா என்பதை சங்கத்தில் எல்லாருக்கும் மூத்தவரான வேதநாயகி ஆச்சி ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றுவிட்டார் சங்கத் தலைவர் தியாகராஜன். ஆச்சிக்குப் பிடிக்காமல் போனால் மறுபடி சிங்கப்பூர் பஸ்தான்.

மூர்த்தி விடிந்ததும் போய்த் தானே பாய்களை விரித்தான். தலையணைகளை மேடைப் பக்கமாக வைத்தான். வரிசை கோணாமல் இருந்ததைத் தானே மெச்சிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. கடைசியில் ஷாமளா, "இப்ப சவாசனம். அப்படியே மல்லாந்து படுங்க" என்றாள்.

ஆச்சி படுக்கவில்லை. "மேடை வடக்கால்ல இருக்கு? வடக்க தலை வெச்சு, பொணமாட்டம் படுக்கச் சொல்றியேம்மா."

படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி கைப்பையைக்கூட எடுத்துவிட்டாள். வாசற்படியில் வாயைத் திறந்துகொண்டே எழுந்த மூர்த்தியை ஷாமளா கண்ணாலேயே உட்கார வைத்தாள்.

"என் தப்பு, ஆச்சி. நான் பாத்திருக்கணும். எல்லாரும் பாயைக் கிழக்க திருப்பிப் போடுங்க. அவசரமே இல்ல."

குரலில் துளி பதற்றமில்லை. மேடையடியை விட்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்த கிழக்கு மூலையில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "மூச்சை மெதுவா இழுங்க. அதைவிட மெதுவா விடுங்க" என்றாள். பிறகு தணிந்த குரலில் ஓம் நமசிவாய என்று தொடங்கினாள். முதலில் இரண்டு பேர் கூடச் சொன்னார்கள், அப்புறம் மண்டபமே சொன்னது. கொஞ்சங்கொஞ்சமாகச் சத்தம் அடங்கி, மந்திரம் அவரவர் மனசுக்குள் போய்விட்டது. காற்றாடி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. ஆச்சி லேசாகக் குறட்டையே விட்டார்.

வீட்டில் தன்னை விரட்டும் அதே குரலா இது என்று மூர்த்தி அசந்துபோனான். பெருமையில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆச்சி புடவையை உதறிச் சரிசெய்துகொண்டே, மண்டபத்தைப் பூட்ட வந்த தியாகராஜனிடம் சொன்னார். "அடுத்த வாரமும் தொறந்து குடுத்துரு. இடுப்பு லேசாயிருக்கு."

ஆச்சி வாசலுக்கு வந்ததும் மூர்த்தி வழிமறித்தாற்போல் நின்றான். "ஆச்சி, பாயைத் தப்பாப் போட்டது அவ இல்ல. நான்தான்."

"நீ யாருப்பா?"

இத்தனை வருஷமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஷாமளாவை மூர்த்தி சம்சாரம் என்றுதான் சொல்வார்கள். மூர்த்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

"டீச்சரோட வீட்டுக்காரன், ஆச்சி."