ஸாரியின் பூர்வீகம்

சாம்பசிவம் சார் நன்னிலத்தில் முப்பத்தாறு வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் அதன் கொள்ளுத்தாத்தா வரைக்கும் சொல்லுவார். மன்னிப்பு மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. அதற்கு அவசியமே வந்ததில்லை என்பது அவர் கட்சி.

இந்தத் தை மாதம் அவசியம் வந்தது. அவர் வயலில் நெல் முற்றி நின்றது. மறுநாள் மழை என்று செல்போன் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அறுவடை மிஷின் வந்துவிட்டது. ஆனால் பக்கத்து வயல்காரி செந்தாமரையின் நிலத்தைக் கடந்துதான் அது சார் வயலில் இறங்க முடியும். அவள் அறுவடையை முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். புரட்டாசியில் அவள் முறைத் தண்ணீரை இவர் மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டதில், அவள் நட்ட பயிர் பாதி கருகிப்போயிருந்தது.

"வழி விடறேன் சார். செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"ஸாரிம்மா," என்றார் உடனே.

"அது பஸ்ல கால மிதிச்சவங்க சொல்றது."

இங்கேயாவது மனுஷன் இறங்கி வந்திருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தையை மட்டமாகப் பேசினால் அவருக்குப் பொறுக்காது.

"அப்படிச் சொல்லாதம்மா. ஆயிரம் வருஷத்து வார்த்தை அது. அதோட மூலம் புண்ணு, வலி. துக்கத்துக்கு 'ஸாரோ'ன்னு ஒண்ணு இருக்கு, அதுலேர்ந்து வந்ததுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. தப்பு! ரெண்டும் வேற வேற குடும்பம்."

"ஊர்ல எல்லார் தப்பையும் சொல்றீங்க சார். உங்களோடத மட்டும் விட்டுட்டீங்க."

"முழுசாக் கேளும்மா," என்று சார் தொடர்ந்தார். எழவு வீட்டில் எப்படிச் சொல்வது, காது கேட்காதபோது எப்படிச் சொல்வது என்று விளக்கினார். மிஷின் டிரைவர் இரண்டு டீ குடித்தார். மூன்று தரம் ஹாரன் அடித்தார். சார் பதினைந்தாம் நூற்றாண்டைத் தாண்டும்போது, பக்கத்து ஊரில் வேலை இருக்கிறது என்று டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டது.

சார் நனைந்தபடி வரப்பில் நின்றார். நெல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. செந்தாமரையின் கருகிய பயிர் அப்போதுதான் முதல்தடவையாக ஞாபகத்துக்கு வந்தது.

அவள் குடையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பாக்கவே வலிக்குது சார். நேத்து நான் பேசாம வழி விட்டிருக்கணும். என் மேலயும் தப்புதான்."

அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். சார் வாயைத் திறந்தார். மன்னிச்சுடும்மா என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"தேங்க்யூ," என்றார்.