காரணத்தை எழுதித் தாங்க

தில்லையடியைச் சேர்ந்த றுஷ்னா நீர்வாழ் உயிரியலில் முதுமாணிப் பட்டம் பெற்று மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. இதற்குள் பதினேழு நேர்முகங்களுக்குப் போய்வந்துவிட்டாள். பெரிய இடங்களில் அனுபவம் போதாது என்றார்கள். சின்ன இடங்களில் படிப்பு கூடிவிட்டது என்றார்கள்.

மாம்புரியில் ஓர் இறால் பண்ணைக்கு, குளத்துத் தண்ணீரின் உப்பையும் ஒட்சிசனையும் அளந்து பதிய ஆள் தேவைப்பட்டது. கேள்விப்பட்டதும் தங்கை அஸ்ரியா சொன்னாள்:

"ராத்தா, பள்ளிக்கூடத்து ஓ.எல். சேட்டிபிக்கட்ட மட்டும் கொண்டு போங்க. கெம்பஸ் போன கதையே எடுக்காதீங்க."

"அவ்வளவு வருசமும் எங்க இருந்த என்டு கேட்டா? ஒளிச்சிருந்த என்டு சொல்லவா?"

எல்லாச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு றுஷ்னா பஸ் ஏறினாள்.

பண்ணை முதலாளி உசனார் ஹாஜியார் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளைப் பார்த்ததும் கோப்பினை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"மகள், இது ஒங்களுக்குச் சரிவராது. நீங்க அளவுக்குக் கூடப் படிச்சவங்க. நல்ல வேலையொன்டு கெடச்சா எங்கள உட்டுட்டுப் போயிருவீங்க."

அந்த வசனம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறையும் "சரி" என்று எழுந்து வந்திருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதும் இருக்கிறாள். அன்று கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அத எழுதித் தாங்க, ஹாஜியார்."

"எத?"

"கூடப் படிச்சதால வேலை இல்ல என்டு. சைன் வெச்சுத் தாங்க. என்னப் படிப்பிக்க எங்கட வாப்பா வெயில்ல மீன் வித்தவர். அவருக்குக் காட்டோணும்."

ஹாஜியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சரி, தொலையட்டும் என்று அவர் ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். 'இவர் அதிகம் படித்தவர் என்பதால்...' அதற்கு மேல் பேனை நகரவில்லை. எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளைக் கசக்கினார்.

"இதுக்குக் கீழ என்ட பேரப் போட ஏலாது."

"எழுத ஏலாதத மொகத்துக்கு நேர சொல்ல மட்டும் ஏலுமா?"

ஹாஜியார் கசக்கிய தாளைக் கூடையில் போட்டார்.

"நீங்க போயிட்டா?"

"போறதா இருந்தா ஒரு மாசத்துக்கு முந்திச் சொல்லுவன். இதுக்கு முந்தி இருந்தவர் என்ன படிச்சவர்?"

"எட்டாம் வகுப்பு," என்றார் அவர். பிறகு, குரல் இறங்க, "சொல்லாமலே போயிட்டான்."

றுஷ்னா கோப்பினைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினாள்.

"சரி. மூணு மாசம் பாப்பம்."

"அவரையும் மூணு மாசமா பாத்தீங்க?"

"இல்ல... ஒரு மாசம்."

"அப்ப எனக்கும் ஒரு மாசம்தான்."

"ஓம், ஓம். திங்கக்கிழம எட்டு மணிக்கு வாங்க."

"எட்டு மணி பிந்திரும், ஹாஜியார். விடியக்காலதான் தண்ணியில ஒட்சிசன் ஆகக் கொறயிற. நான் அஞ்சரைக்கே வாறன். பண்ணக் கேட்டத் தொறந்து வைக்கச் சொல்லுங்க."