பாவாடையில் இல்லாத கோணல்

அந்தச் சீருடைப் பாவாடை மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தபோது தையல்காரம்மாவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. இருபது வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தைக்கிறாள். அவள் தையலை ஒருவரும் கோணல் என்று சொன்னதில்லை. தபாலாபீஸில் வேலை பார்க்கிற, பாவாடைக்குரிய பெண்ணின் அம்மாவோ, முத்திரை குத்துகிற வேகத்தில் பாவாடையை மேசைமேல் போட்டாள்.

"இடப்பக்கம் இறங்கியிருக்கு, பாருங்க."

"போன வாரம்தானே பிரிச்சுத் தைச்சுக் கொடுத்தேன்?"

"கொடுத்தீங்க. மறுபடியும் கோணலாக் கொடுத்தீங்க."

உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் கணவர் தலையை நிமிர்த்தவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் நடுவில் வந்து மாட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

தையல்காரம்மா பாவாடையை விரித்து, சுற்றிலும் எட்டு இடத்தில் டேப் வைத்து அளந்தாள். எட்டு இடத்திலும் ஒரே அளவு. "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. போட்டே பாத்துடுவோம்" என்றாள்.

சாயங்காலம் அம்மா இரண்டு பிள்ளைகளோடும் வந்தாள். இரட்டைப் பிள்ளைகள், பத்து வயது. பையன் புத்தகப் பையை ஒரு தோளில் தொங்கவிட்டு, கேள்விக்குறி மாதிரி வளைந்து வந்தான்.

"நிமிர்ந்து நில்லுடா! கிழவன் மாதிரி என்ன கூன்? உன் தங்கச்சியைப் பாரு, எவ்வளவு ஒழுங்கா நிக்கறா!"

தினமும் கேட்கிற பாட்டு போலிருக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல அவனும் சத்தமில்லாமல் வாயசைத்தான். தையல்காரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பெண் பாவாடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். இடப்பக்கம் இறங்கித்தான் இருந்தது. தையல்காரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து முன்னால் பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். வலது தோள் ஒரு விரல்கடை மேலே நின்றது.

"கண்ணு, கீழே கிடக்கிற அந்தச் சாக்பீஸை எடு."

பெண் குனிந்தாள். சட்டைக்குள் யாரோ உள்ளங்கையை வைத்திருப்பதுபோல முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழும்பியது. தையல்காரம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அம்மா, இவளை ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. முதுகு ஒரு பக்கமா வளையற மாதிரி தெரியுது."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க தையல் தப்பை மறைக்க என் பொண்ணையே கோணல்ங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நான் சொன்னது தப்பாங்க?"

"சொன்னது சரி. அவங்க இருந்த சூட்டுல சொன்னதுதான் சரியில்ல" என்றார் கணவர்.

நான்கு நாள் கழித்து அந்த அம்மா தனியாக வந்தாள். மேசைமேல் ஒன்றும் போடவில்லை.

"அக்கா, நீங்க சொன்னது சரி. எக்ஸ்ரே எடுத்தாச்சு. பையனோடது வெறும் பழக்கமாம். பையை ரெண்டு தோள்லயும் மாட்டி, ஒழுங்கா உக்காந்தாலே சரியாயிடுமாம். பொண்ணுக்குத்தான் முதுகெலும்பே பக்கவாட்டுல லேசா வளையுதாம். நிமிர்ந்து நின்னாலும் அது போகாது. உசரம் கூடற வயசுல பசங்களைவிட பொண்ணுங்களுக்குத்தான் இது வேகமாக் கூடுமாம். சீக்கிரமே பாத்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னார்." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா நான் ஆளை மாத்தித் திட்டிட்டு இருந்திருக்கேன்!"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷம் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளுக்காக அந்த வீட்டுக் கூடத்தில் தினமும் பாய் விரிந்தது. தனியாகச் செய்ய மாட்டேன் என்று பெண் அடம்பிடிக்க, அண்ணன் பக்கத்தில் படுத்தான், அம்மா படுத்தாள், பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பாவும் படுத்தார். அப்பாவை எழுப்பத்தான் மூன்று பேர் வேண்டியிருந்தது. ஒருநாள் பார்க்கப் போன தையல்காரம்மாவையும் அவர்கள் விடவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. "மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தாச்சு. வளைவு ஏறலக்கா! ஒரு டிகிரிகூட ஏறல!" பின்னால் தபாலாபீஸ் வரிசையில் நின்றவர்கள், என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டியது கேட்டது. தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டதில், அந்த வாரமே பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதுகு பார்க்க ஏற்பாடாயிற்று. தையல்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போனாள். சின்ன வகுப்புப் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு, முன்னே வரக் கூச்சப்பட்டார்கள். இரட்டையரில் இளையவள் அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதுக்கு எதுக்குடி பயம்? குனிஞ்சு கால் விரலைத் தொடணும், அவ்வளவுதான். ஊசியெல்லாம் கிடையாது. எங்கே, என்னைப் பாருங்க!"

சொல்லிவிட்டு முதல் ஆளாகக் குனிந்தாள்.