தொனிக்கு ஒரு சொல்

"உப்பு ரொம்பப் பிரமாதம்" என்றான் கணவன், தட்டைப் பார்த்தபடி.

"சர்காஸ்டிக்" என்றாள் அவள்.

"நிஜமாவேதான் சொன்னேன்."

"அப்படின்னா சின்சியர். ஆனா உங்க மூஞ்சி வேற சொல்லுதே."

"பரீட்சையில மூஞ்சியா காட்டப்போறாங்க? குரல் மட்டும்தானே. கண்ண மூடிக்கிட்டுக் கேளு."

அவன் பஸ் ஓட்டுகிறவன். வேலையில்லாத நாட்களில் மனைவியைப் பரீட்சைக்குத் தயார் செய்வதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். மொழிபெயர்ப்பாளர் சான்றிதழுக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தோற்றாயிற்று. நோய்களின் பெயர்கள், கோர்ட் வார்த்தைகள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கவிழ்த்தது தொனிப் பகுதி. ஹெட்ஃபோனில் ஒரு குரல் நாலு வரி பேசும். கெஞ்சுகிறதா, குத்திக்காட்டுகிறதா, சமாதானத்துக்கு வருகிறதா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறதா என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் எழுதவேண்டும். தமிழ்க் குரலென்றால் அடுத்த அறையிலிருந்து கேட்டே சொல்லிவிடுவாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொள்ளும்.

"சரி, இத கேளு" என்று அவன் தொண்டையைச் செருமினான். அதற்குள் போன் அடித்தது.

மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பிவைக்கும் அலுவலகம். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு வெல்டர் விளிம்பில் நிற்கிறார். தமிழ் மட்டும்தான் பேசுகிறார். வழக்கமாக வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஊரில் இல்லை. உடனே வரமுடியுமா என்றார்கள்.

"எனக்கு இன்னும் சான்றிதழே வரலையே."

"தெரியும்" என்றது குரல். "வேற யாரும் கிடைக்கல."

அவள் போனை வைப்பதற்குள் கணவன் கையைக் கழுவிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்துவிட்டான்.

கட்டடத்தின் வாசலை மறித்து போலீஸ் வண்டிகள் நின்றன. கணவனை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அவள் தலைக்குப் பெரிதாக இருந்த ஒரு ஹெல்மெட்டை மாட்டி, இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டி, சாமான் ஏற்றும் கூண்டில் மேலே கொண்டுபோனார்கள். கூட வந்தவர் பேச்சு அதிகாரி. இப்படிப்பட்டவர்களிடம் பேசி இறக்குவதுதான் போலீஸில் அவருடைய வேலை. தாடி வைத்த, அவசரமே இல்லாத மனிதர்.

"குடிச்சிருக்கான்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க" என்றார் ஆங்கிலத்தில். "எனக்கு அப்படித் தோணல. காலையிலேருந்து ஒரே வாக்கியத்தத்தான் கத்திக்கிட்டு இருக்கார். அது என்னன்னு எங்களுக்குத் தெரியல. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க, அவர் சொல்றதையும் அப்படியே சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க."

சுவரில்லாத தளம். சிமென்ட் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் இவர்கள். அந்தப் பக்கம், தரை முடிந்து வெறும் வானம் தொடங்கும் இடத்தில், ஒருவன் இவர்களைப் பார்த்து நின்றான். அவன் குதிகால்கள் விளிம்பில் இருந்தன. சட்டை காற்றில் படபடத்தது.

"பூட்டி வெச்சது யாருன்னு சொல்லச் சொல்லு!" என்று அவன் கத்தினான்.

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி தலையசைத்தார். தன் பெயரைச் சொல்லி, பிறகு, "அந்த ஓரத்துலேருந்து நீங்க கொஞ்சம் தள்ளி வரணும், எனக்கு அது வேணும்" என்கிற பொருளில் மிக மென்மையாக ஏதோ சொன்னார்.

அவள் காற்றை மீறிக் கேட்கவேண்டுமே என்று உரக்கச் சொன்னாள்: "ஓரத்துலேருந்து நீங்க தள்ளி வரணும்!"

"வரணுமா?" அவன் முகம் மாறியது. "அன்னைக்கும் இப்படித்தான், மேல ஏறணும்னீங்க. ஏறினோம். இன்னைக்கு எறங்கணுமா? யாரு நீ எனக்கு உத்தரவு போட?"

வலது கால் பின்னால் போனது. பாதி செருப்பு அந்தரத்தில் நின்றது.

அதிகாரி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன ஆச்சு?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"என் தப்பு" என்றாள். "நீங்க கேட்டுக்கிட்டீங்க. நான் அத உத்தரவாக்கிட்டேன்."

"அது உத்தரவு இல்லன்னு அவர்கிட்ட சொல்லுங்க. உங்க தப்புன்னும் சொல்லுங்க. மெதுவா, என்னை மாதிரி."

அவள் ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டாள். "தம்பி, அவர் உத்தரவு போடலப்பா. கேட்டுக்கறார், அவ்வளவுதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன். கோவம்னா என்மேல கோவப்படுங்க."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். கால் திரும்ப முன்னால் வந்தது. "நீங்க நம்ம ஆளாக்கா?"

"ஆமாப்பா."

பிறகு அவன் பேசினான். அவள் அவனுக்காக 'நான்', 'என்' என்றே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதுதான் முறை. என் பெண்டாட்டியின் தம்பி என்னோடு இங்கேதான் வேலை பார்த்தான். போன வாரம் இந்தத் தளத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். இடுப்புப் பட்டை மாட்டாத அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறது. பட்டைகள் எல்லாம் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தன. சாவி கேட்டேன். நேரமில்லை, ஏறுங்கள் என்றார்கள். "என் பொண்டாட்டி போன்ல கேக்குறா, உங்க கண்ணு முன்னாடிதானே இருந்தான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

இதையெல்லாம் அந்நிய மொழியில், என் மச்சினன், என் மனைவி என்று தன் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது அவளுக்கு. குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றார் அதிகாரி.

"மேனேஜர் வரட்டும். பூட்டி வெச்சது நாங்கதான், மன்னிச்சுக்கன்னு என் முகத்தப் பார்த்துச் சொல்லட்டும்."

மேலாளரை அழைத்துவந்தார்கள். வியர்த்திருந்தார். பயந்துமிருந்தார், அது நிஜமான பயம்தான். மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, மனப்பாடம் செய்ததுபோல் ஆங்கிலத்தில் சொன்னார். நடந்துவிட்ட துயரச் சம்பவத்துக்காக நிறுவனம் ரீகிரெட் தெரிவிக்கிறது. சில தவறுகள் நிகழ்ந்துவிட்டன.

ரீகிரெட், அப்பாலஜி. போன வாரம்தான் அவளும் கணவனும் இந்த இரண்டையும் வைத்து மல்லுக்கட்டினார்கள். முதலாவதில் வருத்தம் உண்டு, பொறுப்பு இல்லை. இரண்டாவதில்தான் 'என் தப்பு' இருக்கிறது.

அவள் யோசிப்பதைப் பார்த்த மேலாளர் அவள் பக்கம் குனிந்தார். "உங்க மொழியில மன்னிப்புன்னே சொல்லிடுங்களேன். அவன் எறங்கிடுவான். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இறங்கிவிடுவான். நாளைக்கு அது பொய்யென்று தெரிந்தால் திரும்ப ஏறுவான். அப்போது தமிழ் பேசுகிற எவளையும் நம்பமாட்டான். இன்றைக்குச் சொல்லாமல் விட்டாலோ, நாளை என்பதே அவனுக்கு இல்லாமல் போகலாம். அவள் அதிகாரியிடம் மேலாளர் சொன்னதைச் சொன்னாள்.

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். "அப்பாலஜின்னு நீங்களே சொல்ல முடியுமா?"

"வக்கீலைக் கேக்காம முடியாது."

"அப்ப அவர் என்ன சொன்னாரோ அதையே சொல்லுங்க" என்றார் அவளிடம். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

அவள் சொன்னாள். "நடந்ததுக்குக் கம்பெனி வருத்தப்படுதாம். சில தப்பு நடந்துபோச்சாம்."

"நடந்துபோச்சா?" என்றான் அவன். "அதுவா நடந்துபோச்சா? கால் மொளச்சு நடந்துதா?"

மேலாளர் தரையைப் பார்த்தார். கீழே யாரோ மெகாபோனில் கூட்டத்தை விலக்கும் சத்தம் மட்டும் வந்தது.

அதன்பின் அவன் அமைதியானான். தோள்கள் இறங்கின. காலையிலிருந்து கத்திய அந்தக் குரல் அடங்கி, பக்கத்து வீட்டில் விடைபெறுகிறவன்போல் ஆனது.

"சரிக்கா. உங்களுக்கும் சிரமம். தாடிக்காரருக்கும் ரொம்ப நன்றின்னு சொல்லிடுங்க. நல்ல மனுஷன். நான் போறேன்."

அவள் வாய் தன் வேலையைச் செய்தது. நன்றி, நல்ல மனிதர், நான் போகிறேன்: எல்லாம் சரியான ஆங்கிலத்தில் வந்தது. அதிகாரியின் முகம் தெளிந்தது. இறங்கிப் போகிறேன் என்கிறான் என்று எடுத்துக்கொண்டார். படிக்கட்டில் நின்றவர்களை வழிவிட்டு ஒதுங்கச் சொல்லிக் கைகாட்டினார்.

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் பேசுகிற ஒருவன், திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் 'போறேன்' என்றா சொல்லுவான்?

"மொழிபெயர்ப்பாளர் பேசுறேன்" என்றாள் அவசரமாக. தன் சொந்தக் கருத்தைச் சொல்லும்போது அப்படித்தான் தொடங்கவேண்டும். "அவர் எறங்கப்போறதா சொல்லல. வார்த்தை சரி. குரல் சரியில்ல. அமைதியாயிட்டார், காம்னு நினைக்காதீங்க, இது காம் இல்ல."

"பின்ன என்ன?"

சொல் வரவில்லை. இத்தனை மாதம் படித்த சொற்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. எதுவும் பொருந்தவில்லை.

"ரிசைன்டா?" என்றார் அதிகாரி.

"இல்ல, ராஜினாமா எல்லாம் பண்ணல, இன்னும் இங்கதான் வேலை..."

அவர் சட்டென்று கையை நீட்டி, பிடித்திருந்த எதையோ விட்டுவிடுவதுபோல் விரல்களைத் திறந்து காட்டினார். இனி ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கைவிட்டவனுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

"ஆமா!" என்றாள். "ஆமா, அதேதான்!"

அதிகாரி மூட்டைகளைத் தாண்டி மெதுவாக முன்னால் போய் உட்கார்ந்தார். அவளும் கூடவே போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். "உங்க மொழியில கெளம்பும்போது எப்படிச் சொல்லுவீங்க?"

"போயிட்டு வரேன்னு."

"அத அவர்கிட்ட கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கேளுங்க."

"தம்பி" என்றாள். வேறு எதுவும் தோன்றவில்லை. "யாராவது போறேன்னு சொல்லுவாங்களாப்பா?"

அவன் உதடு கோணியது. "அவனும் அப்படித்தாங்கா சொன்னான். அன்னைக்குக் காலையில வெளயாட்டா, 'மாமா, நான் போறேன்'னான். வாயக் கழுவுடான்னு திட்டியிருக்கணும். நான் சிரிச்சேன்." அவன் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். உடம்பு ஆடியது.

அதிகாரியின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவளும் அதே நிதானத்தில் தமிழில் சொன்னாள். "அந்தப் பூட்ட நீங்க பாத்திருக்கீங்க. சாவி கேட்டது நீங்க. நீங்க இல்லாம போயிட்டா, பலகையில எழுதியிருக்காங்களே, அது மட்டும்தான் மிச்சம் இருக்கும். உங்க மனைவிக்கும் அதத்தான் படிச்சுக் காட்டுவாங்க. எறங்கினா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. இத நாலு பேர் முன்னாடி சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணும்னு சொல்றேன்."

அவன் ஒரு காலை முன்னால் எடுத்துவைக்கப் பார்த்தான். பிறகு, "காலு மரத்துப்போச்சுக்கா. நகர முடியல" என்றான், குழந்தைபோல்.

"அப்படியே முன்னாடி குனிஞ்சு உக்காருங்க. அவர் வரார்."

அதிகாரி கயிற்றோடு தவழ்ந்து போனார். அவன் மடங்கி உட்கார்ந்ததும் அவன் இடுப்பில் கொக்கியை மாட்டிவிட்டு, அவன் தோளைப் பிடித்தபடி அங்கேயே இருந்தார். அவளுக்குக் கூண்டில் இறங்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றக்கூட முடியவில்லை. வாசலில் கணவன்தான் கழற்றிவிட்டான். அவளை வண்டியில் உட்காரவைத்து, உடனே கிளப்பாமல் நின்றான்.

மொழிபெயர்ப்போடு நிற்காமல் முறை மீறித் தானாகவும் பேசியதற்கு அலுவலகம் அவளிடம் விளக்கம் கேட்டது. அதிகாரி அவளுக்காகப் பேசியிருக்கிறார் போலிருக்கிறது, கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள். வெல்டரின் மச்சினன் சாவைப் பற்றி நடந்த விசாரணையில் மொழிபெயர்க்க அவளை விடவில்லை. ஊரிலிருந்து திரும்பிய மொழிபெயர்ப்பாளரே செய்தார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். வெல்டர் சொன்ன பிறகு இன்னும் இரண்டு தொழிலாளிகள் எழுந்து, பட்டைகள் பூட்டித்தான் கிடந்தன என்றார்கள். பலகையில் இருந்த காகிதத்தைக் கிழிக்கச் சொல்லி உத்தரவானது.

சில வாரம் கழித்து வெல்டர் அவள் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்தான். கம்பெனி அனுப்பியிருந்த ஆங்கிலக் கடிதத்தை நீட்டினான். "அக்கா, இதுல மன்னிப்பு இருக்கா?"

அவள் இரண்டுமுறை படித்தாள். "உங்க மச்சினன்மேல தப்பில்லன்னு இருக்குப்பா. பட்டை குடுக்காததுக்கு ரொம்ப வருத்தப்படுறோம்னு இருக்கு. மன்னிப்பு இல்ல."

அவன் காகிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்தான். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

"தப்பில்லன்னு இருக்குல்ல, அத மொதல்ல என் பொண்டாட்டிகிட்ட சொல்றேன்" என்றான். "மத்தத அவ கேட்டா சொல்லிக்கலாம்."