சனிக்கிழமை விரதம்

தராசின் குண்டைக் கடைசிக் கோடு வரைக்கும் தள்ளிவிட்டாள் நர்ஸ். கம்பி மேலே போய் முட்டிக்கொண்டு நின்றதுதான், இறங்குவேனா என்றது. இன்னும் தள்ள இடமில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே வேறொரு மெஷின் இருக்கிறது, வாருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

கீழே என்றால் பேஸ்மென்ட். மருந்துப் பெட்டியும் துணி மூட்டையும் வந்து இறங்குகிற இடம். அங்கே தரையோடு பதித்திருந்த இரும்புத் தட்டில்தான் சேனாபதியை ஏற்றி நிறுத்தினார்கள். நானூறு பவுண்டுக்கு ஏதோ கொஞ்சம் குறைச்சல். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆள் நாகரிகமாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சிரித்துத் தொலைத்திருந்தால்கூடச் சேனாபதி தாங்கியிருப்பார். அந்த நாகரிகம்தான் தாங்கவில்லை.

டாக்டரம்மா பூசி மெழுகுகிறவள் இல்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முழங்கால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இப்படியே போனால் ஐம்பது வயதைப் பார்க்கமாட்டீர்கள்" என்றாள். சேனாபதிக்கு அப்போது முப்பத்தொன்பது. எடுத்த எடுப்பிலேயே ஓடவெல்லாம் வேண்டாம், தினம் கொஞ்சம் நடங்கள், தட்டில் பாதியைக் குறையுங்கள், மாசம் ஒருதரம் வந்து காட்டுங்கள். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். தட்டில் பாதியைக் குறைப்பதாம். இந்த மனிதருக்கு இருக்கிற சொந்தபந்தம் அத்தனையும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்வது?

டெக்சஸில் இர்விங் என்கிற ஊர். இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். அந்தப் பயத்துக்கு வைத்தியம் பார்க்கத்தான் சேனாபதியைச் சென்னையிலிருந்து விமானத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்ட், ஒரு பழைய கார். கல்யாணம் ஆகவில்லை. ஊரில் பெண் தேடினார்கள். போட்டோ போகும், பதில் வராது. திங்கள் முதல் வெள்ளிவரை அவர் வாயிலிருந்து தமிழ் வருவது கால் கட்டைவிரலை எங்காவது இடித்துக்கொண்டால்தான்.

சனிக்கிழமை வந்தால் மட்டும் மனிதர் ராஜா. ஊரிலிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிடும். ஒருவாரம் ஜம்புநாதன் வீடு, ஒருவாரம் கண்மணி வீடு. யார் வீடானாலும் முதல் போன் சேனாபதிக்குத்தான். அவர் சாப்பிடுகிற அழகு அப்படி. வத்தக்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே கண்ணை மூடுவார் பாருங்கள், சமைத்தவளுக்கு ஒருவாரக் களைப்பும் பறந்துவிடும். குழம்பு பிடிக்கவில்லை, காரம் ஜாஸ்தி என்று மூஞ்சியைச் சுளிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே, "மாமி, இன்னும் ரெண்டு கரண்டி" என்று ஒருத்தர் கேட்டால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் மனசு குளிராது? "சேனாபதி வரார்னா நான் அளவே பாக்கறதில்லை" என்று ஜம்புநாதன் மனைவி காமாக்ஷி பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மிச்சத்தைக் காலித் தயிர் டப்பாக்களில் கட்டிக்கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்புவாள். அந்த டப்பாக்கள் சேனாபதிக்குப் புதன்கிழமைவரை ஓடும்.

இப்போது அந்தக் காமாக்ஷியிடம் போய், பாதித் தட்டு போதும் என்று சொல்லவேண்டும். சேனாபதி காரில் உட்கார்ந்து ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டார். எடை, டாக்டர், இரும்புத் தட்டு, எதுவும் வாயில் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் காமாக்ஷி சாதக் கரண்டியோடு எதிரே வந்து நின்றபோது அவர் வாயில் வந்தது இதுதான்:

"மாமி, நான் இனிமே சனிக்கிழமை விரதம்."

எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! சாமி பேரைச் சொன்னால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள், யார் மனசும் நோகாது. காமாக்ஷி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்ல காரியம். எல்லாம் சீக்கிரம் கூடிவரும், பாருங்கோ" என்றாள். அன்றைக்கு இரண்டு வாழைப்பழத்தோடு தப்பித்து வீடு வந்த சேனாபதி தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையும் காமாக்ஷியே கூப்பிட்டாள். அப்போதுதான் தெரிந்தது, மாட்டிக்கொண்டது எதில் என்று. நம் வீடுகளில் விரதம் என்றால் என்ன அர்த்தம்? சோறுதான் கூடாது. பலகாரம் சாப்பிடலாம். காமாக்ஷி அவருக்கென்றே தனியாக ரவா தோசை வார்த்திருந்தாள், சேமியா உப்புமா கிண்டியிருந்தாள், நெய் சொட்டச் சொட்டக் கேசரி வேறு. "உங்களுக்காக மடியாப் பண்ணினேன், வெங்காயம்கூடப் போடலை" என்றாள். தனக்காகவே ஒருத்தி அடுப்படியில் நின்று செய்ததை வேண்டாம் என்று எப்படித் தள்ளுவது? சாப்பிட்டார். கண்மணிக்குச் சேதி எட்டியது. சும்மா இருப்பாளா? அவள் வீட்டில் பூரி கிழங்கு, வடை, பாயசம். "அண்ணே, விரதத்துக்கு வயிறு காயக்கூடாது" என்று போட்டாள். சோறு தின்ற காலத்தைவிட விரதம் பிடித்த காலத்தில் அதிகம் உள்ளே போயிற்று.

மாசக் கடைசியில் இரும்புத் தட்டு அதைச் சொல்லிவிட்டது. ஆறு பவுண்டு ஏற்றம். என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். "உபவாசம் இருந்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னார் சேனாபதி. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். பொய் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை. கேசரியை அவளுக்கு எப்படி விளக்குவது?

அந்தச் சனிக்கிழமை கண்மணி வீட்டில், எண்ணெய் மின்னும் பூரி தட்டில் விழுந்தவுடன் சேனாபதி கையைக் கும்பிடுவதுபோல் வைத்துக்கொண்டார்.

"எனக்கு விரதமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பொய் சொன்னேன். உடம்பு மோசமா இருக்கு. டாக்டர் பயமுறுத்திட்டாங்க. இனிமே கொஞ்சமாத்தான் சாப்பிடணும்."

கூடத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் நல்லதுதானே, ஹெல்த்துதானே முக்கியம் என்றார்கள். யாரும் கேலி செய்யவில்லை. கண்மணி பூரித் தட்டை மெதுவாக எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள். அன்றைக்கு அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இவரைப் பார்த்தால் எல்லோருக்கும் வருகிற பேச்சு ஒன்றுதான், சாப்பாட்டுப் பேச்சு. அது போனபின் பேச வேறு என்ன இருக்கிறது?

மறுநாள் காலை நடக்கக் கிளம்பினார். அபார்ட்மென்ட் வாசலிலிருந்து தபால்பெட்டிகள் இருக்கிற இடம்வரை. அவ்வளவுதான் முடிந்தது. அங்கே சிமென்ட் திட்டில் உட்கார்ந்து புஸ் புஸ் என்று மூச்சு வாங்கினார். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். அந்த ஊரில் கார் இல்லாமல் ரோட்டில் நடக்கிறவனே கிடையாதா, பிக்கப் டிரக்கில் போன ஒரு தாத்தா வண்டியை நிறுத்தி, கார் ரிப்பேரா, ஏறிக்கொள் என்றார். வாக்கிங் என்று சேனாபதி சொன்னதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடவுள் துணை" என்று சொல்லிப் போனார். திரும்பி நடக்கும்போது சேனாபதிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் வீடு வந்து சேர்ந்தார்.

ஆனால் மறுநாளும் போனார். தபால்பெட்டியைத் தாண்டி நீச்சல்குளம்வரை, பிறகு கேட்வரை, வெயில் ஏறுமுன் அடுத்த தெரு சிக்னல்வரை. சோற்றைக் கிண்ணத்தில் அளந்து போட்டுக்கொண்டார். பசி என்றால் இப்படி இருக்கும் என்பது அவருக்குப் பள்ளிக்கூடம் விட்டபின் மறந்தே போயிருந்தது. ராத்திரி வயிறு கூப்பாடு போடும்போது பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். போனைப் பார்ப்பார். போன் மணியடிப்பதை நிறுத்தி வாரக்கணக்கு ஆகியிருந்தது.

ஆமாம், யாரும் கூப்பிடவில்லை. முதலில் ஊருக்குப் போயிருப்பார்கள், லீவாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தீபாவளியும் போயிற்று. இந்தியன் ஸ்டோரில் கண்மணியைப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. எல்லோரும் ஜம்புநாதன் வீட்டில்தான் கூடியிருந்தார்களாம்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே" என்றாள், கூடையைக் கைமாற்றிக்கொண்டு. "உங்களைக் கூப்பிட்டு, எதிர்ல பட்சணத்தை வெச்சுட்டு, சாப்பிடாதீங்கன்னா அது கொடுமையில்லையா? பாவம், எதுக்கு டெம்ப்ட் பண்ணணும்னு விட்டுட்டோம்."

இரக்கப்பட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். யார்மேல் கோபித்துக்கொள்வது? சேனாபதி சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு வெண்டைக்காய் பொறுக்கினார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவரே ஜம்புநாதன் வீட்டுக்குப் போன் பண்ணினார். காமாக்ஷிதான் எடுத்தாள்.

"மாமி, சனிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரலாமா? சாப்பாடெல்லாம் வேண்டாம். சும்மா."

"சும்மாவா?" என்றாள். நிஜமாகவே புரியாமல், "எதுக்கு?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வார்த்தை சேனாபதியைக் குத்திவிட்டது. ஆனாலும் மறைக்கவில்லை. "தனியா இருக்கு மாமி. அதான்" என்றார்.

"வாங்கோ" என்றாள்.

போனார். ஜம்புநாதன் வரவேற்றார், சோபாவில் உட்காரவைத்தார். மழை, ஆபீஸ், கிரீன் கார்டு என்று பேசினார்கள். மணி ஏழாயிற்று, ஏழரை ஆயிற்று. உள்ளேயிருந்து ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. காமாக்ஷி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். யாரும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஏன் என்று சேனாபதிக்குப் புரியவில்லை. கடைசியில் அவர்களுடைய ஆறு வயசுப் பெண் ஷ்ரேயா அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி கேட்டுவிட்டாள்:

"மாம், வென் இஸ் அங்கிள் லீவிங்? ஐ ஆம் ஹங்ரி."

"ஷ்ரேயா!" என்று அதட்டினார் ஜம்புநாதன். காமாக்ஷியின் முகம் சிறுத்துப்போயிற்று. சாப்பிடாத விருந்தாளியைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு இலைமுன் உட்காருகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. இவர் எப்போது கிளம்புவார் என்று மூன்று வயிறுகள் காத்திருக்கின்றன. சேனாபதி எழுந்தார். இரண்டு வழிதான் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு போகலாம். இல்லையென்றால், "ஒரு தட்டு வைங்க மாமி" என்று சொல்லிவிட்டு முன்போல உட்கார்ந்துவிடலாம், சந்தோஷமாகப் போடுவார்கள். அந்த நிமிஷம் அவருக்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது. ஐந்தாறு மாசம் நடந்ததெல்லாம் நாசமாய்ப் போகட்டும், மனுஷர்களோடு உட்கார்ந்தால் போதும் என்று வந்துவிட்டது.

மேஜைவரைக்கும் போய்விட்டார். காமாக்ஷி நாலாவது தட்டை எடுக்கத் திரும்பினாள். அவள் கையிலிருந்த கரண்டியை அவர் வாங்கிக்கொண்டார்.

"நீங்களும் உக்காருங்க மாமி. நான் போடறேன்."

"ஐயையோ, நீங்களா? நான் அப்புறமா..."

"போடறவன் சாப்பிட வேண்டியதில்லையே. உக்காருங்க."

பரிமாறுகிறவர் பட்டினி கிடப்பது நம் வீடுகளில் எங்கும் நடக்கிற சங்கதி. அதை யாரும் குறையாகச் சொல்லமுடியாது. காமாக்ஷி கணவரைப் பார்த்தாள், ஜம்புநாதன் நாற்காலியை இழுத்துவிட்டார். அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். சேனாபதி மூன்று தட்டிலும் சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார், ஷ்ரேயாவுக்கு நெய் விட்டார். நெய் வாசனையில் அவருக்கு நாக்கில் நீர் ஊறியது. விழுங்கிக்கொண்டார்.

"பேன்ட் சட்டையெல்லாம் லூஸா ஆனாப்பல இருக்கே" என்றார் ஜம்புநாதன், அவர் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டு. "குறைஞ்சிருக்கா?"

"நாப்பது பவுண்டு சார்."

ஜம்புநாதனின் கை பாதி வழியில் நின்றது. ஷ்ரேயா நிமிர்ந்து, "தட்ஸ் மீ! ஐ ஆம் ஃபார்ட்டி பவுண்ட்ஸ்!" என்றாள்.

"நாப்பது பவுண்டா?" என்றாள் காமாக்ஷி. "இத்தனை நாளா ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே நீங்க?"

"யார்கிட்ட மாமி சொல்றது?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். காமாக்ஷி பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சேனாபதி ரசச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து, யாருக்கு விடட்டும் என்று கேட்டார்.